விளக்கம்மாவின் புதிய வசனங்கள்

மார்ச் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் இதைப் பிரிக்காமலே குப்பையில் போட்டிருந்தால் எனக்குத் தெரியப் போவதில்லை. பிரித்துவிட்டாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் கைபேசியில் என் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பதால் தபாலை விட்டால் எனக்கு வேறு வழியில்லை.

நான் இப்போது லிஃப்ட் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். எந்த மாடியில் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை. வயிறு நிறைகிறது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். டயர் கடை மாடியில் நாம் மூன்று பேரும் உட்கார்ந்து செய்த 'கடைசி விளக்கு' கணினி விளையாட்டை மறுபடி கொண்டுவரப் போகிறேன். கிரவுட் ஃபண்டிங்தான். முன்பு விளையாடியவர்களிடமே கேட்டு, அவர்கள் கொடுக்கும் பணத்தை வைத்துச் செய்வது. சிரிக்காதே. ஒரு வருஷமாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படித் திரும்பி வந்த பழைய விளையாட்டுகளில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒன்று விண்கலச் சண்டை. அதைச் செய்தவர் நரைத்த தலையோடு கேமரா முன்னால் உட்கார்ந்து, "நான் திரும்பி வந்துட்டேன்" என்றார். அவ்வளவுதான். கூட்டம் அள்ளிக்கொண்டு போனது. விளையாட்டு வெளிவந்ததும் அதே கூட்டம் அவரைக் கிழித்துப் போட்டது. இரண்டாவது ஒரு சுரங்கப்பாதை விளையாட்டு. அதைச் செய்தவர் உயிரோடு இல்லை. ரசிகர்களே எடுத்துக்கொண்டார்கள். வாரா வாரம் ஒரு கதவு, ஒரு சுவர் என்று வரைந்து காட்டி, "இது அப்படித்தானே இருந்தது?" என்று கேட்டார்கள். வந்தவர்கள் கொஞ்சம் பேர். ஆனால் ஒருவரும் போகவில்லை. முதலாவதற்கு வந்தது திருவிழாக் கூட்டம். இரண்டாவதற்கு வந்தவர்கள் வீட்டு மனிதர்கள்.

எனக்கு இரண்டும் வேண்டும். அதற்கு உன் படங்கள் வேண்டும். அந்த மூடுபனியை உன்னைத் தவிர யாராலும் வரைய முடியாது.

பெரியவள் நலம்தானே?

அத்தான்
(இப்படிக் கையெழுத்துப் போட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா தெரியவில்லை.)


மார்ச் 17

அத்தான் அவர்களுக்கு,

உரிமை இல்லை. ஆனால் உங்களை வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் எனக்குத் தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. அது என் வளர்ப்பின் கோளாறு.

நீங்கள் படித்த இரண்டு கதைகளையும் படித்தேன். மூன்றாவது ஒன்று இருக்கிறது, நான் சொல்கிறேன். மூன்று பேர் சேர்ந்து ஒரு விளையாட்டைச் செய்தார்கள். ஒருவர் நிரல் எழுதினார். ஒருத்தி படம் வரைந்தாள். ஒருத்தி துணி அலமாரிக்குள் போர்வையைத் தொங்கவிட்டு, வேர்த்து வழிய உட்கார்ந்து, கீழே டயருக்குக் காற்றடிக்கிற மெஷின் நின்ற இடைவெளிகளில் பேசிப் பேசிக் குரல் கொடுத்தாள். விளையாட்டு வட்டின் பெட்டி அச்சாகி வந்தபோது அதன் மேல் ஒரே ஒரு பெயர் இருந்தது. பிறகு வந்த பேட்டிகளில் எல்லாம் 'தனி மனிதரின் சாதனை' என்று இருந்தது. "பத்திரிகைக்காரன் அவனா எழுதினான்" என்றீர்கள். திருத்தச் சொல்லி ஒரு வரி எழுதினீர்களா?

கடைசி வரியில், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்பது மாதிரி, "பெரியவள் நலம்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். அக்கா என்னோடுதான் இருக்கிறாள். அவளுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. பேச்சு இல்லை. அழித்து அழித்து எழுதுகிற சின்னப் பலகை ஒன்று வைத்திருக்கிறாள், அதில் எழுதிக் காட்டுவாள். நான் மருத்துவப் புத்தகங்களுக்குப் படம் வரைந்துதான் பிழைக்கிறேன். குரல்வளையை எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன், குறுக்கே வெட்டியும் நெடுக்கே வெட்டியும். டாக்டர் எனக்கு விளக்கிச் சொல்ல எடுத்த படமே நான் வரைந்ததுதான்.

படங்களைத் தருகிறேன். உங்களுக்காக இல்லை. அந்த மூடுபனி எனக்கும் பிடிக்கும். மூன்று பெயர்களும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். அக்கா பெயர் முதலில்.

சின்னவள்


ஏப்ரல் 9

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. என்ன எழுதினாலும் அசிங்கமாக இருக்கும், அதனால் எழுதவில்லை. அவளிடம் சொல். என்ன சொல்வாய் என்று தெரியவில்லை, ஏதாவது சொல்.

மூன்று பெயர்களும் போட்டாகிவிட்டது. அக்கா பெயர் முதலில். பணம் கேட்கும் இணையப் பக்கத்தைத் திறந்து ஒரு வாரம் ஆகிறது.

உன்னிடம் மறைக்க மாட்டேன்: முதலில் உன் படங்களைப் போட்டேன். 'அழகு' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு என் முகத்தைக் காட்டினேன், விண்கலக்காரர் மாதிரி. 'இவர் யார்?' என்று ஒருவன் கேட்டிருந்தான். பிறகு பழைய ஒலிநாடாவிலிருந்து ஒரே ஒரு துண்டைப் போட்டேன். பனியில் படகு வழி தவறும்போது கலங்கரை விளக்கத்திலிருந்து ரேடியோவில் வருமே, அது. "இடப்பக்கம் பாறை இருக்கு. மெதுவா வா. அவசரமில்லை, நான் முழிச்சிட்டுத்தான் இருக்கேன்."

பக்கமே திணறிவிட்டது. அவர்கள் அவளை 'விளக்கம்மா' என்கிறார்கள். நமக்குத் தெரியாமலே இத்தனை வருஷமாக அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: "எங்கள் வீட்டில் தினமும் சண்டை. நான் படகை வேண்டுமென்றே பாறைப் பக்கம் ஓட்டுவேன், விளக்கம்மா பேசுவாள் என்று." இன்னொருவர் லாரி ஓட்டுகிறவர். இப்போதும் அந்த வரியை மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் ஓட்டுகிறாராம்.

ரசிகர்கள் எதற்காக வருகிறார்கள் என்று ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பெயருக்கும் இல்லை, படத்துக்கும் இல்லை. தன்னை ஒருத்தி கவனித்துக்கொண்டிருந்தாள் என்ற நினைப்புக்கு வருகிறார்கள்.

உன் படத்தைக் குறைத்துச் சொல்லவில்லை.

அத்தான்


ஏப்ரல் 26

அத்தான்,

என் படத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. 'மறைக்க மாட்டேன்' என்று எழுதிவிட்டு எதை மறைத்தீர்களோ அதைப் பற்றிப் பேசுவோம்.

உங்கள் பக்கத்தில் நான் பார்த்தேன். 'விளக்கம்மாவின் புதிய வசனங்கள், அதே குரலில்.' அதற்குக் கீழே, அதிகம் கொடுப்பவர்களுக்கு: 'விளக்கம்மா உங்கள் பெயரைச் சொல்லி அழைப்பார்.' குரல் இல்லாதவள் எப்படிப் புதிதாகப் பேசுவாள் என்று ஒரு நிமிஷம் குழம்பிப்போனேன். பிறகு மாதிரிக்கு வைத்திருந்த பொத்தானை அழுத்தினேன்.

அடுப்படியில் நின்றுகொண்டு அழுத்தியதுதான் நான் செய்த முட்டாள்தனம். அக்கா பின்னால் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் கைபேசியிலிருந்து அவள் பேசினாள். அவள் ஒரு நாளும் பேசாத வாக்கியம். "வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்திட்டிருந்தேன்." அவளுடைய அந்த இழுப்பு. 'எதிர்பார்த்து'வில் லேசாக மூச்சு விடுவாளே, அதுகூட.

கத்தி நின்றது. நான் திரும்பிப் பார்க்கப் பயந்தேன். அவள் வந்து என் தோளைத் தட்டி, பலகையில் எழுதிக் காட்டினாள்: 'மறுபடி போடு.'

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இன்னும் ஒரு தடவை போடச் சொன்னாள். பிறகு போய்க் காயை நறுக்கினாள். சாப்பிடவில்லை.

அவள் குரலை மெஷினுக்குச் சொல்லிக் கொடுக்கப் பழைய நாடாக்களை எந்தக் கம்பெனியிடம் கொடுத்தீர்கள்? யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? வீட்டை விட்டுப் போன அன்று உங்கள் துணிமணியோடு அந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனீர்கள். ஞாபகமாக வைத்துக்கொள்ளத்தான் என்று நான் அக்காவிடம் சமாதானம் சொன்னேன். நான்தான் சொன்னேன்! உங்களுக்காக நான் சொன்ன கடைசிப் பொய் அது.

அந்தப் பொத்தானை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் என் படங்களையும் எடுத்துவிடுங்கள்.

சின்னவள்


மே 3

சின்னவளுக்கு,

கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் நீ மறுப்பாய் என்று தெரியும்.

கவனி, 'நீ' மறுப்பாய் என்றுதான் எழுதியிருக்கிறேன். அவளுக்குக் குரல் இருந்த காலத்திலும் அவளுக்காக நீதான் பேசினாய். "அக்காவுக்கு இது பிடிக்காது", "அக்கா ஒத்துக்க மாட்டா." கல்யாணமான புதிதில், அவளோடு பேச உன்னிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. இப்போதும் அவள் 'மறுபடி போடு' என்றாள், நீ 'எடுத்துவிடு' என்கிறாய். யார் சொல்வதை நான் கேட்பது?

பொத்தானை எடுத்தால் வந்தவர்களில் பாதிப் பேர் போய்விடுவார்கள். அவர்கள் வந்ததே அதற்குத்தான். ஆனாலும் அவள் வாயால்... எழுதிக் கை பழகிவிட்டது பார். அவள் கையால் வேண்டாம் என்று எழுதிக் காட்டட்டும், அந்த நிமிஷமே எடுத்துவிடுகிறேன்.

வரும் ஞாயிறு நான் வருகிறேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் இஷ்டம்.

அத்தான்


மே 14

அத்தான்,

நீங்கள் வந்தபோது அக்கா என்னை மருந்து வாங்க அனுப்பினாள். மருந்து வீட்டிலேயே இருந்தது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். திரும்பி வந்தபோது நீங்கள் போய்விட்டிருந்தீர்கள், உங்கள் காபி ஆறிக் கிடந்தது.

அதன் பிறகு அவள் பலகையைக் கையில் எடுக்கவில்லை. கேட்டால் தலையை ஆட்டுகிறாள், அவ்வளவுதான். உள்ளே என்ன நடந்தது என்று எழுதுங்கள். அலங்காரம் வேண்டாம்.

அவளுக்காக நான்தான் பேசினேன் என்று எழுதியிருந்தீர்கள். அது என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அதற்காக உங்களை மன்னிக்கப் போவதில்லை. பொய் என்றும் சொல்லவில்லை.

சின்னவள்


மே 22

சின்னவளுக்கு,

அவள் சொல்லாததை நான் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் நீதான் அவளோடு இருக்கிறாய், உனக்குத் தெரிய வேண்டும்.

மடிக்கணினியைக் கொண்டுபோயிருந்தேன். ஒரு வரி எழுதினால் அந்தக் குரல் அதைப் பேசும். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைத் தள்ளிவிட்டுத் தானே தட்ட ஆரம்பித்தாள். முதலில் தன் பெயர். கேட்டுவிட்டுச் சிரித்தாள். சத்தமில்லாத அந்தச் சிரிப்பை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். பிறகு, "டீயா காபியா?" என்று தட்டினாள். விளக்கம்மா என்னைக் கேட்டாள். காபி என்றேன். எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன், மடையன்.

உட்கார்ந்து, நிறைய நேரம் தட்டினாள். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

"நீங்க என்னை விட்டுட்டுப் போனீங்க, அது உங்க இஷ்டம். என் குரலை மட்டும் பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போனீங்களே, அது என்ன நியாயம்? இப்ப அதை ஊரு பேரு தெரியாதவனுக்கெல்லாம் கூப்பிட விடறீங்க. வெக்கமா இல்ல?"

சின்னவளே, அந்த நாடாக்களில் அவள் ஒரு இடத்திலும் கோபப்பட்டதில்லை. பனியில் தவித்து வருகிறவனுக்குத் தைரியம் சொல்கிற குரல் அது. மெஷினுக்கு அது மட்டும்தான் தெரியும். 'வெக்கமா இல்ல?' என்பது கொஞ்சலாக வந்தது. தேனாக வந்தது. இனிமேல் இங்கேயே இருங்கள் என்று சொல்வது மாதிரி.

அவள் முகம் வெளிறியது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் கொஞ்சல். ஆச்சரியக்குறிகளை அடுக்கிப் போட்டு அழுத்தினாள். இன்னும் குழைந்தது. மேஜையை ஓங்கி அடித்தாள். வாயைத் திறந்து என்னைப் பார்த்துக் கத்தினாள், காற்று மட்டும் வந்தது. அதற்கு மேல் அந்தக் குரல், விடாமல், இதமாக, "வெக்கமா இல்ல? வெக்கமா இல்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. நான்தான் மூடியை இழுத்துச் சாத்தினேன்.

பலகையில் எழுதினாள்: 'பழசு இருக்கட்டும். புதுசு வேண்டாம். ஒரு வார்த்தைகூட.' கதவைக் காட்டினாள்.

அன்று மாலையே பொத்தானை எடுத்துவிட்டேன். நடந்ததைப் பெயர் சொல்லாமல், மரியாதையாக, பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன்.

அத்தான்


ஆகஸ்ட் 11

சின்னவளுக்கு,

நீ பதில் எழுதவில்லை. பரவாயில்லை, இதையும் தெரிவித்துவிடுகிறேன்.

புரிந்துகொள்ளவில்லை. முதல் நாள் 'விளக்கம்மா நலம் பெறட்டும்' என்று எழுதினார்கள். இரண்டாம் நாள் 'சரி, எங்கள் பெயர் எப்போது வரும்?' என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் ஆரம்பித்தது. ஏமாற்றுக்காரன். பிள்ளைப் பிராயத்தை விற்றவன். 'அந்தம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளினால் ஒத்துக்கொள்வார்' என்று ஒருவன். தினமும் சண்டை நடந்த வீட்டுக்காரர் என்று எழுதியிருந்தேனே, அவர்தான் எல்லோரையும் விட மோசம். "அவள் எனக்குச் சொந்தமானவள், உனக்கு இல்லை" என்று எழுதினார்.

அவர்களில் கொஞ்சம் பேர் பிரிந்து போய்த் தனியாக ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். 'உண்மையான கடைசி விளக்கு.' ஆளுக்கு ஒரு பழைய வட்டு வைத்திருக்கிறார்கள் இல்லையா, அதிலிருந்தே குரலை உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். என்னிடம் அனுமதி கேட்கவில்லை. நான் யாரைக் கேட்டேன், அவர்கள் என்னைக் கேட்க? விளக்கம்மா அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். காலையில் எழுப்பிவிடுகிறாள். போன் வந்தால் சொல்கிறாள். வக்கீலைப் பார்த்தேன். யார் மேல் வழக்குப் போடுவது என்று அவர் என்னையே கேட்டார். எந்த நாட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

இரண்டு பக்கங்களையும் அருகருகே திறந்து வைத்துப் பார்த்தேன், பழைய பழக்கம். என் பக்கத்தில் உன் படங்கள், மூன்று பெயர்கள், நடந்த உண்மை எல்லாம் இருக்கின்றன. அவர்கள் பக்கத்தில் பெயர் எதுவும் இல்லை, படம் மங்கல், ஒரே ஒரு பொத்தான். கூட்டம் அங்கே. என்னிடம் மிஞ்சியிருப்பவர்கள் நியாயத்துக்காக மிஞ்சியவர்கள். அவர்களை ஒரு லிஃப்டில் ஏற்றிவிடலாம், இடம் மீதி இருக்கும்.

விளையாட்டு வராது. கொடுத்தவர்களுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஒலிநாடாப் பெட்டியைத் தனியாகப் பார்சலில் போட்டிருக்கிறேன். அவளுடையது. மிகவும் தாமதம்தான்.

அத்தான்


அக்டோபர் 2

அத்தான்,

பெட்டி வந்தது. இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன். அக்காதான் எழுதச் சொன்னாள், எழுதி முடித்ததும் காட்டச் சொல்லியிருக்கிறாள். அதனால் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

நேற்று அவளுக்கு மருத்துவமனையில் பரிசோதனை. காத்திருக்கும் கூடத்தில் நீல நாற்காலிகள், நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அக்காவின் கழுத்தில் எப்போதும் போல மெல்லிய துணி. அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள். நாற்பதைத் தாண்டியவர், முன்வழுக்கை, மடியில் எக்ஸ்ரே உறை. யாரும் துணைக்கு வரவில்லை போல.

அவர் சட்டைப் பையிலிருந்து அக்கா பேசினாள். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, போன் வந்திருக்கிறது என்றாள். அன்பாக, அவசரமில்லாமல். கூடத்தில் இருந்த யாரும் திரும்பவில்லை, அது ஒரு போன் சத்தம்தானே. அவர் எடுக்கவில்லை. ஒலித்து அடங்கட்டும் என்று விட்டுவிட்டு, இன்னொரு தடவை அவள் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "ஏங்க..." என்று ஆரம்பித்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள், அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் பேசட்டும் என்று விட்டேன் அத்தான், முதல் தடவையாக.

அவர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்டார். "சத்தமா வெச்சிட்டேனா? மன்னிச்சுக்கங்க. பழைய கேம்ல வர்ற குரலுங்க. இந்த மாதிரி எடத்துல தனியா உக்காந்திருக்கும்போது கேட்டா கொஞ்சம் தெம்பா இருக்கும். அந்தம்மா இப்ப இருக்காங்களோ இல்லையோ, பாவம்."

அக்கா பலகையை எடுத்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். முதலில் எழுதியதை என் கண் பார்த்துவிட்டது: 'நான்தான்.' அதை அவள் கையாலேயே துடைத்துவிட்டாள். அவரிடம் காட்டியது வேறு.

'நல்ல குரல்.'

"ஆமாங்க" என்றார் அவர், சந்தோஷமாக. அக்காவின் கழுத்துத் துணி அப்போதுதான் கண்ணில் பட்டது போல. குரலைத் தாழ்த்தி, அவளுக்குக் காதும் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ, என்னிடம் கேட்டார்: "இவங்களால பேச முடியாதா?"

அதற்குள் செவிலியர் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நாங்கள் எழுந்தோம். அவர் கால்களை மடக்கி எங்களுக்கு வழி விட்டார்.

சின்னவள்